நாலாவது ஷரத்து

ஜமால் மைதீனின் வலது கை ஊரில் கடைசியாகச் செய்த வேலை, ஒரு பூட்டைத் திறந்ததுதான்.

வீரசோழன் கடைத்தெருவில் அவன் அண்ணன் அப்துல் பாரி வைத்திருந்த சாக்குக் கடையின் பூட்டு அது. மூன்று நாளாக மக்கர் செய்துகொண்டிருந்தது. அன்று காலை பாரி சாவியைப் போட்டு முறுக்கினான், பல்லைக் கடித்தான், கல்லை எடுத்துத் தட்டியும் பார்த்துவிட்டான். பம்பாய்க்குப் போகப் பெட்டியும் கையுமாகப் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஜமால் பக்கத்தில் வந்து, "தள்ளுண்ணே" என்றான். சாவியின் நுனியைத் தன் தலைமுடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டான். உள்ளே விட்டு இரண்டு விரலால் திருப்பினான். பூட்டு வாயைப் பிளந்தது.

டீக்கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திருச்சுழி சாலையில் போய் மறைந்த பிறகும் பாரிக்கு அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது. தம்பிக்குக் கையாட்ட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

அது மாசி மாதம். சித்திரையில் தந்தி வந்ததும், எண்ணெய்க் கப்பலில் குழாயைத் தூக்கும்போது வின்ச் என்ற பாரந்தூக்கியின் பிரேக் பிடிக்காமல் கம்பிவடம் பின்னால் ஓடி ஜமாலின் கையை இழுத்துக்கொண்டதும், பம்பாய் ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு மிச்சத்தை எடுத்துவிட்டதும், ஆனியில் அவன் ஒரு சட்டைக் கையைப் பின்னூசி குத்தி மடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வாசகர்கள் அறிந்ததே.

வாசகர்களுக்குத் தெரிந்து அந்த வீட்டில் பாரியைத் தவிர இன்னும் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நாலு நாளைக்கு முன்னால் தபால்காரர் இருளப்பசாமி, "கப்பக்காரருக்குக் கடுதாசி" என்று சொல்லிக் கடையில் கொடுத்துவிட்டுப் போன நீளமான உறை. பம்பாயிலிருந்து மாலுமிகள் சங்கம் எழுதியது. பாரி அதைப் பிரித்துப் படித்தான். படித்து, சாக்குக் கட்டுகளின் இடுக்கில் செருகிவைத்தான்.

"கம்பெனி ஆள் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் கையெழுத்துப் போடாதே" என்றுதான் கடிதம் தொடங்கியது. கப்பல் எந்தக் கடலில் நின்றிருந்தாலும் சரி, வேலையில் போன கைக்கு நஷ்டஈடு கேட்பது மாலுமியின் உரிமை. அதை முடிவு செய்ய வேண்டியது நஷ்டஈட்டுக் கமிஷனர், கம்பெனி இல்லை. கவனக்குறைவாக இருந்தான் என்று சொல்லிக்கூட அவர்கள் தப்பிக்க முடியாது. ஆனால் குடித்திருந்தான் என்றோ, கட்டளையை வேண்டுமென்றே மீறினான் என்றோ நிரூபித்துவிட்டால் உரிமை போய்விடும். ஆகவே அதைத்தான் உன் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்ப்பார்கள். ஜாக்கிரதை. உடனே கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பு.

கீழே தமிழில் இரண்டு வரி. அதே கப்பலில் வேலை பார்த்த தூத்துக்குடி மாரிக்கனி எழுதியது. "மச்சான், பிரேக் சங்கதி நான் கண்ணால் பார்த்தது. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்."

பாரி ஏன் மறைத்தான்? பணத்துக்கு ஆசைப்பட்டு அல்ல. அவனையே கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

பத்து வருஷத்துக்கு முன்னால் கப்பலுக்குப் போகப் புறப்பட்டவன் பாரிதான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் அவன். அஞ்சாம் வகுப்போடு நின்ற ஜமால் பெட்டி தூக்கக் கூடப் போனவன். பம்பாயில் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் பூராவும் புள்ளி புள்ளியாக வண்ணம். "என்ன எண் தெரிகிறது?" பாரிக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்று என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஜமாலைப் பார்த்து, "நீ வா, பார்க்கலாம்" என்றார் டாக்டர். அவன் எல்லா எண்ணையும் விளையாட்டுப் போலச் சொன்னான்.

மிளகாய் வற்றல் விளைகிற பூமியில் சிவப்புத் தெரியாதவன் என்ன வியாபாரம் செய்வான்? கமிஷன் கடையில் ஒரு மாதம் இருந்தான். பழமும் காயும் கலந்த மூட்டையை முதல் தரம் என்று எடை போட்டான். அன்றிலிருந்து ஊர், "ஏலே பாரி, இது பழுத்திருக்கா, காயா?" என்று கேட்காத நாள் இல்லை. கடைசியில் மிளகாயை விட்டுவிட்டு, மிளகாயைப் போடுகிற சாக்கை விற்றான்.

நாம் பார்க்கப்போகிற நாள் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த காலை பஸ்ஸில் வெள்ளைச் சட்டையும் தோல்பையுமாக ஒருவர் இறங்கி, நேராகச் சாக்குக் கடைக்கு வந்தார்.

"ஜமால் மைதீன் அண்ணன் நீங்கதானே? நான் சந்தனம். தூத்துக்குடி ஏஜெண்டு ஆபீஸ்."

பாரி முக்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான்.

"தம்பிக்கு நடந்தது நடந்துபோச்சு" என்றார் சந்தனம். "கம்பெனி கைவிட்டுறாது. ஒரு தொகை போட்டுக் கொடுத்திருக்காக. ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. இங்கிலீஷு படிச்ச ஆள் வீட்டுல இருக்கீகன்னு கேள்விப்பட்டேன். நீங்க வாசிச்சுச் சொன்னா தம்பி கேப்பாரு."

பாரி ஒரு மடக்கு டீ குடித்தான்.

"இன்னொண்ணு" என்று சந்தனம் குரலைத் தணித்தார். "காகிதம் சுமுகமா முடிஞ்சா, அந்தக் குடும்பத்துல ஒரு ஆளுக்குக் கப்பல்ல எடம் கொடுக்கலாம்னு அபிப்பிராயம். பண்டாரிக்கு உதவியா. அதான், சமையக்கட்டுல. அதுக்குக் கலர் பாக்கிற சோதனையெல்லாம் கிடையாது."

பாரி டீக்கிளாஸைக் கீழே வைத்தான்.

"எனக்கு முப்பத்தஞ்சாச்சே?"

"அதெல்லாம் பேசிக்கலாம்."

முப்பத்தைந்து வயது ஆள், மூன்று பிள்ளை பெற்றவன், கடைத்தெரு நடுவில் உட்கார்ந்துகொண்டு கப்பல் ஏறினான். வெள்ளைச் சட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். ஊரே எழுந்து நின்று, "எப்ப வந்தீக?" என்று கேட்டது. சாக்குத் தூசியில் தும்மல் வந்தபோதுதான் அவன் கரைக்குத் திரும்பினான்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றான்.

வீட்டில் வழக்கம்போல் கூட்டம். ஜமால் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுற்றி ஆறேழு பேர். பந்தல்குடியிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்து வழிவிட்டார். பாரிக்குத் தெரியும், அந்த டிரைவர் தன் கடைக்கு முன்னால் தினம் லாரியை நிறுத்துகிறவர். ஒரு நாள் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

பாரியின் மனைவி ரஹ்மத்து கொழுந்தனுக்குக் கறியைச் சின்னத் துண்டாகப் பிய்த்துச் சோற்றில் பிசைந்து, கரண்டி போட்டு நீட்டிக்கொண்டிருந்தாள். "அள்ளித் திங்க வசதியா இருக்கா தம்பி? எலும்பு இருக்கும், பாத்து." புருஷனுக்கு இந்த வீட்டில் யாரும் எலும்பு பார்த்துக் கொடுத்ததில்லை.

இப்படி ஒரு பொறாமை உலகத்தில் உண்டா என்று பாரிக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும். கப்பலைப் பார்த்துப் பொறாமைப்பட்டான், நைலான் சட்டையைப் பார்த்துப் பட்டான், சரி. இல்லாத கையைப் பார்த்தும் ஒருவன் பொறாமைப்படுவானா? பட்டான். இரண்டு கை இருந்தும் தனக்குக் கிடைக்காத மரியாதை, ஒரு கை போனவனுக்குக் கிடைத்ததை அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

வந்தவர்கள் கலைந்தார்கள். ரஹ்மத்தும் ஜமாலின் மனைவி சர்புன்னிசாவும் உள்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். சந்தனம் காகிதத்தை எடுத்துப் பாரியிடம் கொடுத்தார்.

தட்டெழுத்தில் அடித்த ஒரே தாள். நாலு ஷரத்து. பாரி முதலில் மனசுக்குள் படித்தான். நாலாவதில் அவன் கண் நின்றது. மேலதிகாரி வேண்டாம் என்று கட்டளையிட்டும், அதைத் தெரிந்தே வேண்டுமென்றே மீறி வின்ச்சை இயக்கியதால் எனக்குக் காயம் ஏற்பட்டது. ஆகவே வேறு எந்த உரிமையும் எனக்கு இல்லை.

சங்கத்தார் எழுதிய அதே வாசகம்.

"வாசிண்ணே" என்றான் ஜமால்.

பாரி வாசித்தான். பெயர், கப்பல், தேதி ஒன்று. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்தது இரண்டு. இப்போது கொடுக்கிற தொகை மூன்று. நிறுத்தி, தாளை மடித்தான்.

"அவ்வளவுதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து சர்புன்னிசாவின் குரல் வந்தது. "பெரிய மச்சான், தாள்ல நாலுன்னு ஒரு எண் தெரிஞ்சுச்சே?"

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவள்தானே.

"அது எல்லாக் காகிதத்துலயும் போடுறது. மாமூலா இருக்கிறது" என்றான் பாரி. தாளை இன்னொரு மடிப்பு மடித்தான்.

"மாமூல்னாலும் வாசிச்சா என்ன?"

"ஏ, சும்மா இரு" என்றான் ஜமால் உள்ளே பார்த்து. "அண்ணன் பாத்துட்டாகல்ல? அது போதும்."

சந்தனம் அவசரமாக மைப்பெட்டியைத் திறந்தார். "இடது கைப் பெருவிரலைக் கொடுங்க தம்பி. ஒரு உருட்டு."

ஜமால் இடது கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"இடது கையா? அதால கொடுக்கல் வாங்கல் எங்க வீட்டுல வழக்கமில்லையே."

"சர்க்காரே ஆம்பளைக்கு இடது பெருவிரல்தான் கேக்குது, தம்பி."

"சர்க்கார் கேக்கட்டும். எங்க அத்தா இருந்த வரைக்கும் இடது கையால ஒரு பீடி கொடுத்தாக்கூட வாங்க மாட்டாக. நீங்க ஒருத்தருக்கு இடது கையால வணக்கம் வச்சா அவர் மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?"

"அதுக்கு இப்ப என்ன பண்ண? வலது கைக்கு எங்க போக?" சொன்ன பிறகுதான் சந்தனம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜமால் சிரித்தான். "இந்தா இருக்கே. அண்ணன் கை என் கைதானே? அவுக போடட்டும். மூத்தவுக போட்டாத் தம்பி போட்ட மாதிரித்தான். அத்தா மௌத்தாகிப் போனதுல இருந்து இந்த வீட்டுக்கு எல்லாக் கையெழுத்தும் அவுகதான்."

சந்தனம் தயங்கினார். ஒருவருக்காக இன்னொருவர் போடுவது ஆபீஸில் செல்லுமா என்று அவருக்கே சந்தேகம். ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலு மணிக்கு. "சரி, தம்பி சம்மதத்தோட அண்ணன்னு போடுங்க. மிச்சத்தை ஆபீஸ்ல பாத்துக்கிறேன்" என்று பேனாவைத் திறந்து பாரியிடம் நீட்டினார்.

ஒரு ஷரத்தை வாசிக்காமல் விடுவது வேறு. அதன் அடியில் தன் கையால் எழுதுவது வேறு. ஆனாலும் பேனா தாளுக்குப் போனது. 'பண்டாரிக்கு உதவி' என்ற வார்த்தை அதைத் தள்ளிக்கொண்டு போனது.

அந்த நேரம் ஜமால் சந்தனத்தைப் பார்த்துச் சொன்னான்:

"ஆஸ்பத்திரிக்கு வந்த கம்பெனி அய்யாகிட்ட நான் கேட்டது ஞாபகம் இருக்குல்ல? அண்ணனுக்கு எடம். அதுல பின்வாங்கிறக் கூடாது."

பேனா நின்றது.

"எதைக் கேட்ட?" என்றான் பாரி.

"உனக்கு வேலைதாண்ணே. சமையக்கட்டுன்னாலும் கப்பல்தானே." ஜமால் வெட்கப்படுகிறவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான். "பத்து வருசமா உன் எடத்துலதானே நான் இருந்தேன். கை போச்சுன்னு டாக்டர் சொன்னதும் முதல்ல அதான் மனசுல வந்துச்சு. இனி எனக்கு எடம் இல்ல, அண்ணனுக்காவது ஆகட்டும்னு. தொகை கூடக் கொறைய இருந்தா இருந்துட்டுப் போகுது."

உள்ளே ரஹ்மத்து மூக்கை உறிஞ்சியது கேட்டது.

வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் கண் கலங்கியிருப்பான். பாரிக்கு எரிந்தது.

கம்பெனி தன்னைத் தேடி வந்தது என்றல்லவா நினைத்தான்! அதுவும் இவன் வாங்கிக் கொடுத்ததா? பூட்டைத் திறந்து கொடுத்தது போல, கப்பலையும் இரண்டு விரலால் திறந்து, "தள்ளுண்ணே" என்பானா? கை போகிற நேரத்தில்கூட அண்ணனை நினைத்த தம்பி என்று ஊர் பேசும். தம்பி கையை விற்றுக் கப்பல் ஏறிய அண்ணன் என்று தன்னைப் பேசும். எல்லாவற்றிலும் முந்தியவன் பெரிய மனசிலும் முந்திக்கொண்டான்.

இதிலாவது இவனை ஜெயிக்க விடக் கூடாது.

பாரி பேனாவை மூடி வைத்தான். தாளை விரித்தான்.

"நாலாவது ஷரத்து வாசிக்கிறேன். கேட்டுக்க."

"அட, அது எதுக்குங்க இப்ப?" என்று சந்தனம் கையை நீட்டினார். பாரி தாளை எட்டப் பிடித்துக்கொண்டு வாசித்தான். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தித் தமிழில் சொன்னான். கட்டளை. தெரிந்தே. வேண்டுமென்றே. மீறி. எந்த உரிமையும் இல்லை.

ஜமால் எழுந்து நின்றுவிட்டான்.

"நானா மீறினேன்? பிரேக் பிடிக்கலைன்னு மூணு தடவை போய்ச் சொன்னதே நான்தானே! 'கரையில ஆள் காத்திருக்கு, தூக்கு'ன்னு சொன்னது அந்த ஆபீசரு. தூக்கலைன்னாத்தான் கட்டளையை மீறினதா ஆகும்!"

"இது சும்மா ஒரு வாசகம், தம்பி…"

"சும்மா வாசகத்துக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீக?" இது கதவுக்குப் பின்னாலிருந்து, சர்புன்னிசா.

"கை போனதுக்கு நான் அழல" என்றான் ஜமால். "பொய்யை எழுதிக் கொடுக்கச் சொல்றீகளே. நாளைக்கு எம்புள்ள இதை எடுத்து வாசிக்க மாட்டானா?"

பாரி நிதானமாகச் சொன்னான். "கவனமில்லாம இருந்தான்னு சொன்னாக்கூட நஷ்டஈடு உண்டு. கட்டளையை மீறினான்னாத்தான் கிடையாது. அதான் இந்த வரி. இதைத் தீர்க்கிறதுக்குக் கமிஷனர் இருக்காரு. நாங்க அங்க பேசிக்கிறோம். நீங்க பஸ்ஸைப் பாருங்க."

சந்தனம் மைப்பெட்டியை மூடினார். முகம் மாறிவிட்டது. தோல்பையிலிருந்து வேறொரு தாளை எடுத்துப் பாரியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கமிஷனர்கிட்ட சாட்சி வேணும் அண்ணாச்சி. ஆபீசர் தடுத்தாரு, இவருதான் கேக்கலைன்னு கூட வேலை பாத்த மாரிக்கனியே போன வாரம் எழுதிக் கொடுத்துட்டாரு. பாருங்க. கையெழுத்துத் தெரியுதா?"

தெரிந்தது. நாலு நாளுக்கு முன் பார்த்த அதே கோணல் எழுத்து. மாரிக்கனி.

சந்தனம் பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஜமால் மேலே பார்த்துப் படுத்திருந்தான். "மாரிக்கனி அப்படி எழுத மாட்டாண்ணே" என்று ஒரு தடவை சொன்னான். "என்ன சொல்லி மிரட்டினாகளோ."

சர்புன்னிசா கதவை விட்டு வெளியே வந்தாள். தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாரியைப் பார்த்தாள். "பெரிய மச்சான் இல்லேன்னா இன்னைக்கு எங்க கதி என்ன? அவுக கப்பலும் வேணாம்னு தள்ளிட்டீகளே."

பாரியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாராட்டு இவ்வளவு கசக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"கடைக்குப் போய்ட்டு வாரேன்" என்று எழுந்தான்.

அரை மணியில் திரும்பினான். கையில் நீளமான உறை. "சங்கத்துல இருந்து வந்திருக்கு" என்றான். எப்போது வந்தது என்று சொல்லவில்லை. ஜமாலும் கேட்கவில்லை. ரஹ்மத்து மட்டும் உறையைக் கையில் வாங்கினாள். அதில் ஒட்டியிருந்த சணல் பிசிறை இரண்டு விரலால் எடுத்தாள். தபால் முத்திரையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிசிறை முற்றத்தில் உதறிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆடிக்காற்று தாளைத் தூக்கியது. ஜமால் குறைக் கையை நீட்டித் தாளின் ஓரத்தை அழுத்திக்கொள்ள, பாரி கம்பெனிக்கு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தான். நல்ல இங்கிலீஷ். பத்து வருஷமாக எதற்கும் பயன்படாமல் கிடந்த இங்கிலீஷ். எழுத எழுத, 'இது இவனால் முடியாது' என்று உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதைப் பாரி விரட்டவும் இல்லை.

ஆள் விவரம் சேர்க்க வேண்டும் என்று சங்கம் எழுதியிருந்தது. சர்புன்னிசா டிரங்குப் பெட்டியிலிருந்து கப்பல் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பாரி ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினான். பெயர், தகப்பனார் பெயர், உயரம், கண் நிறம். அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்தினான்.

"என்னண்ணே?" என்றான் ஜமால்.

"ஒண்ணுமில்ல."

புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே நோட்டீஸில் எழுதினான். அங்க அடையாளம்: வலது மணிக்கட்டில் ஒரு மச்சம்.

அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.